ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் ரகசியம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் அப்பா அறிவித்துவிட்டார். அதனால்தான் இதைக் கொசுவலைக்குள் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நோட்டு தலையணை உறைக்குள் போய்விடும்.

கம்பெனிகளில் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு, பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று சொல்லித்தருவதுதான் அப்பாவின் வேலை. அதற்கு அஜைல் என்று பெயர். அப்பாவுக்கு மென்பொருள் எழுத வராது. எழுதுகிறவர்களை எப்படி வட்டமாக நிற்கவைப்பது என்று தெரியும். மயில்சாமி என்ற பெயரை ஆபீசில் மைக் என்று கூப்பிடுவார்களாம்.

வெள்ளிக்கிழமை அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே காபிக் கோப்பை, நாங்கள் ஊட்டியில் எடுத்த போட்டோ, ஒரு மணிபிளான்ட், கட்டுக்கட்டாக ஒட்டுச்சீட்டுகள். "புது மேஜை தர்றாங்க. அதுவரைக்கும் இதெல்லாம் இங்க இருக்கட்டும்" என்றார். அம்மா பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "செடிக்குத் தண்ணி ஊத்தலாமுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை அந்தச் சீட்டுகளெல்லாம் ஃபிரிட்ஜுக்கு வந்துவிட்டன. கதவில் டேப் ஒட்டி நான்கு பத்திகள்: செய்ய வேண்டியது, நடக்கிறது, சோதனை, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. செய்தவரே தன் வேலையைச் சோதிக்கக் கூடாதாம். அதனால் அம்மா சோதனையாளர். அம்மா பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஒரு சீட்டு கடைசிப் பத்திக்குப் போகும்.

"நான் இத்தனை வருசமா அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கேன்" என்றாள் அம்மா.

"ஆனா போர்டு இல்லாம பண்ணினே, கோதை" என்றார் அப்பா.

எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா அடிக்கிறவர் அல்ல, திட்டுகிறவரும் அல்ல. மார்க் குறைந்தால் வரைபடம் போடுவார். கோடு இறங்கும் இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு, "இங்க என்ன ஆச்சு, கண்ணு?" என்று மெதுவாகக் கேட்பார். அதற்கு அடியே பரவாயில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் முதல் கூட்டம். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். ஆளாளுக்கு மூன்று பதில் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு என்ன தடை.

அம்மா: "நேத்து சமைச்சேன். இன்னிக்கும் சமைப்பேன். நீங்க ரெண்டு பேரும் ஃபிரிட்ஜை மறிச்சுட்டு நிக்கறதுதான் தடை. பாலை எடுக்கோணும், தள்ளுங்க."

அப்பா அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

அப்பாவின் பெயரில் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று, குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றுவது. இன்னொன்று மஞ்சள் சீட்டு. அதில் 'முக்கியமான பேச்சு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. யாரிடம் என்று அம்மா கேட்டாள். "அது ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட" என்றார் அப்பா. அம்மா மேலே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எந்த வேலை எவ்வளவு கடினம் என்று மதிப்பிட அப்பா எண் போட்ட சீட்டுக்கட்டைக் கொண்டுவந்தார். வேலையைச் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் காட்ட வேண்டும். எதிர்வீட்டு ஆன்ட்டி தயிர் உறை வாங்க வந்தவர், "என்னக்கா, குடும்பத்தோட சீட்டாட்டமா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

முதல் வேலை இட்லி மாவு அரைப்பது. அப்பா இரண்டு காட்டினார். நான் ஐந்து. அம்மா பதிமூன்று.

"வித்தியாசம் அதிகமா இருந்தா, அதிகமாக் காட்டினவங்க விளக்கம் சொல்லணும்" என்றார் அப்பா.

அம்மா சொன்னாள். அரிசி களைவதில் ஆரம்பித்தாள். உளுந்தின் தரத்துக்குப் போனாள். கிரைண்டர் கல்லை யார் தூக்குவது, போன வருடம் அப்பாவின் அக்கா வீட்டார் ஒன்பது பேர் சொல்லாமல் வந்து நின்றது, அன்று அப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம் விளக்கத்தில் வந்தன. அப்பா மெதுவாகத் தன் இரண்டைக் கவிழ்த்துவிட்டுப் பதிமூன்றை எடுத்து வைத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைய புது விதி: ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் 'நடக்கிறது' பத்தியில் இருக்கலாம். பல வேலைகளைச் சேர்த்துச் செய்வதால்தான் உலகத்தில் எல்லாமே தாமதமாகிறதாம்.

அம்மா சரியென்று தலையாட்டினாள். எரிந்துகொண்டிருந்த மூன்று அடுப்பில் இரண்டை அணைத்தாள். சாதம் வெந்து, அப்பா வந்து பார்த்து, சீட்டு நகர்ந்த பிறகுதான் பருப்பை ஏற்றினாள். பருப்பு முடிந்து ரசம். ரசம் முடிந்து பொரியலுக்குக் காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். அப்பா இரண்டு முறை சமையலறை வரைக்கும் வந்து திரும்பிப் போனார்.

"கோதை, பசிக்குது."

"நடுவுல வந்து புது வேலை குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

சாப்பிடும்போது சாதம் ஆறிப்போயிருந்தது. புது விதி சமையலறைக்கு மட்டும் பொருந்தாது என்று அப்பா திருத்தம் கொண்டுவந்தார்.

அம்மா இப்போதெல்லாம் அப்பாவின் பையில் ஒரு பாட்டில் மோர் வைக்கிறாள். நீல மூடி போட்ட ஸ்டீல் பாட்டில், கழுத்தில் சிவப்பு நூல் கட்டியது. தொப்பியும் வைக்கிறாள். "ஆபீஸ்ல ஏசிதானேம்மா?" என்று கேட்டேன். "ஏசி உடம்பை உலர்த்தும்" என்றாள். தொப்பி எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

இன்று கணக்குத் தேர்வு. எனக்கு ஒன்றுமே தெரியாது. என் வகுப்பு நிரஞ்சனாவுக்கும் தெரியாது. இரண்டு பேரும் பள்ளி ஸ்டாப்பில் இறங்கவில்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதை வரைக்கும் போய் மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றோம். நாளைக்கு லீவ் லெட்டருக்கு அவளுடைய அண்ணன் கையெழுத்துப் போட்டுத் தருவானாம்.

அங்கே அப்பா மாதிரி ஒருவர் இருந்தார்.

கோயம்புத்தூரில் கோடுபோட்ட நீலச் சட்டை போட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அப்பா கீரணத்தத்தில் ஆபீசில் இருப்பார். அது வேறு திசை. இவர் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு, ஒரு கல் பெஞ்சின் முதுகில் வரிசையாகக் கலர் சீட்டுகளை ஒட்டி, காலியாக இருந்த இன்னொரு பெஞ்சைப் பார்த்து, "குட் மார்னிங் டீம்!" என்றார். அந்தப் பெஞ்சில் சைக்கிள் டீக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"சார், அந்தப் பச்சைச் சீட்டு வெள்ளிக்கிழமையும் அங்கயேதானுங்க இருந்துச்சு" என்றார் டீக்காரர்.

"கரெக்டா புடிச்சீங்கண்ணா. அதைத்தான் டீம் கேக்கோணும். ஏன் நகரலைன்னு."

"ஏனுங்க நகரல?"

அவர் குனிந்து பையிலிருந்து பாட்டிலை எடுத்து மோர் குடித்தார். மூடி நீலம். கழுத்தில் சிவப்பு நூல்.

"வாடி போலாம்" என்று நிரஞ்சனா என் பையைப் பிடித்து இழுத்தாள். நான் மரத்துக்குப் பின்னால் இருந்து வரவே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலைக் கூட்டம்.

அப்பா: "நேத்து இருபது பேருக்கு ட்ரெயினிங். நல்லா கவனிச்சாங்க. இன்னிக்கும் அதே. தடை எதுவும் இல்லை."

நான்: "நேத்து கணக்கு டெஸ்ட் எழுதினேன். இன்னிக்கு அறிவியல் படிப்பேன். தடை எதுவும் இல்லை."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். என் கணக்கு டெஸ்ட் சீட்டை எடுத்து 'முடிந்தது' பத்தியில் ஒட்டினாள். "டாக்டரம்மா கிளினிக்குக்குச் சாயந்திரமும் வரச் சொல்லியிருக்காங்க. நானும் சரின்னுட்டேன்" என்றாள். அம்மா பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறாள். காலையில் போய் வந்தாலே கால் வலிக்கிறது என்பாள். எதற்குச் சாயந்திரமும் என்று அப்பா கேட்கவில்லை.

அப்பாவிடம் கேட்டால், நீ ஏன் அங்கே இருந்தாய் என்பார். அம்மாவிடம் சொன்னால் அம்மா என்ன ஆவாள் என்று தெரியவில்லை. பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவே கூடாது.

ஆகஸ்ட் 13, புதன்

மஞ்சள் சீட்டின் பசை போய்விட்டது. மின்விசிறி போட்டால் விழுகிறது. அம்மா கண்ணில் படும்முன் நானே எடுத்து ஒட்டுகிறேன். இன்று நான் வருவதற்குள் அம்மாவே எடுத்துவிட்டாள். நல்லவேளை, அவள் படிக்கக்கூட இல்லை. முந்தானையால் துடைத்துவிட்டு, செலோடேப் கிழித்து, அதே இடத்தில் ஒட்டினாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தேன். அப்பா சட்டை இஸ்திரி போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, பையோடு வாசலில் ஷூ போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு சுதந்திர தினமுங்க" என்றாள் அம்மா.

அப்பா ஒரு ஷூவோடு அப்படியே நின்றார். "ஆமாமா. க்ளையன்ட் அமெரிக்காக்காரன். அவனுக்கு லீவு இல்லையே" என்றார்.

"அவங்ககிட்ட நாளைக்குப் பேசிக்கலாம். வடை போட்டிருக்கேன், உக்காந்து சாப்பிடுங்க."

அப்பா ஷூவைக் கழற்றினார். அட்டையைக் கழற்ற மறந்துவிட்டார். வடை சாப்பிடும்போது அது சட்னியில் தோய்ந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பிப் பார்க்கும் கூட்டம். எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்று சொல்லலாம். யாரையும் குறை சொல்லக் கூடாது.

"ஒருத்தர் ஈரத் துண்டைக் கட்டில்மேல போடறாரு. யாருன்னு நான் சொல்லல" என்றாள் அம்மா.

அப்பா வரைபடத்தை விரித்தார். இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டு சீட்டுகள் முடிந்திருக்கின்றன. கோடு ஏறிக்கொண்டே போகிறது. "இந்த மாதிரி ஒரு டீமை நான் பார்த்ததே இல்லை!" என்றார். அவர் குரல் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. வாஷர் சீட்டு முடிந்து ஐந்து நாள் ஆகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

பெரிய செய்தி. ஞாயிற்றுக்கிழமை சிபி என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அப்பாவிடம் முன்னே பயிற்சி எடுத்தவர். இப்போது சரவணம்பட்டியில் சொந்தமாகச் சின்னக் கம்பெனி நடத்துகிறார். தன் ஆட்களுக்குப் பயிற்சி தர ஆள் தேடுகிறாராம். எத்தனையோ பேர் வந்து படம் போட்டுக் காட்டிவிட்டுப் போனார்களாம். நிஜமாகவே இது வேலை செய்யும் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். அப்பா எங்கள் வீட்டைச் சொல்லியிருக்கிறார்.

"வெளி ஆளுங்களுக்கும் சொல்லிக்குடுக்கச் சொல்லி ஆபீஸ்லயே சொல்லியிருக்காங்க" என்று அம்மாவிடம் விளக்கினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சிபிக்குப் பிடித்துவிட்டால் அப்பா ரேஸ்கோர்ஸ் போக வேண்டியதில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும். என் கையில்தான் இருக்கிறது. கூட்டத்தில் என் வாய் உளறாமல் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

இன்று முழுவதும் ஒத்திகை. புதுச் சீட்டுகள் எழுதினோம். அவை புதிதாகத் தெரியக் கூடாது என்று அப்பா ஒவ்வொன்றாகக் கசக்கி, நீவி ஒட்டினார். ஒன்றில் டீத்தண்ணீர் தொட்டார்.

எனக்கு ஒரு தடையும் கொடுத்தார். "தடையே இல்லைன்னா நம்ப மாட்டாங்க, கண்ணு. சின்னதா ஒண்ணு இருக்கணும். சமூக அறிவியல் வரைபடத்துல நதிகளைக் குறிக்க வரலைன்னு சொல்லு. அம்மா உடனே, நான் உதவறேன்னு சொல்லுவா."

"எனக்கே காவேரியைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அம்மா.

"தெரியணும்னு இல்லை. சொன்னாப் போதும்."

மஞ்சள் சீட்டை மட்டும் அப்பா தொடவில்லை. அதை எடுத்துவிடலாமா என்று கேட்க நினைத்தேன். அவர் அதைப் பார்க்காமலே அதைச் சுற்றி மற்றவற்றை ஒட்டினார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சிபி வந்தார். தாடி, டி-ஷர்ட், வயது முப்பதுகூட இருக்காது. பெரிய முதலாளி என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம். அப்பாவைப் பார்த்ததும், "மைக் சார்!" என்று காலைத் தொடக் குனிந்தார். ரவா உப்புமாவை நின்றுகொண்டே சாப்பிட்டபடி தன் கதையைச் சொன்னார்.

"எங்க கம்பெனில எல்லாச் சீட்டும் முடிஞ்சுதுல இருக்குதுங்க சார். சாஃப்ட்வேர் மட்டும் ஓடறதில்லை. நான் போய்க் கேட்டா, தடை எதுவும் இல்லைங்கறாங்க. கஸ்டமர் கேட்டா நானும் அதையே சொல்லிடறேன்."

அப்பா விஷயம் தெரிந்தவராகச் சிரித்தார். கூட்டம் ஆரம்பித்தது. அப்பா அழகாகப் பேசினார். நான் நதிகள் வரவில்லை என்றேன். அம்மா உதவுகிறேன் என்றாள். சிபி போனில் படம் எடுத்தார். எல்லாம் நன்றாகப் போனது.

பிறகு அவர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இந்த மஞ்சள் சீட்டு வெளுத்தே போச்சே. செலோடேப் எல்லாம் போட்டிருக்குது. முக்கியமான பேச்சு. இது எத்தனை நாளா நகரலீங்க சார்? இதுக்கு என்ன தடை?"

அப்பாவின் கை கழுத்தில் அடையாள அட்டை இருக்கும் இடத்தைத் தேடியது. இன்று அது இல்லை.

"அது ஆபீஸ் விஷயமுங்க அண்ணா" என்றேன் நான். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "அது... அப்பாவுக்கு ஆபீஸ்ல ஒருத்தர்கிட்ட..."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். செலோடேப்பை நகத்தால் நெம்பி மஞ்சள் சீட்டைப் பிரித்தாள். 'நடக்கிறது' பத்தியைத் தாண்டினாள். 'சோதனை'யில் கொஞ்சம் நின்றாள். 'முடிந்தது' பத்தியில் கொண்டுபோய் ஒட்டி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

"இது அட்டைப்பெட்டி வந்த அன்னிக்கே முடிஞ்சுதுங்க தம்பி" என்றாள் சிபியிடம். "வேலை போன மனுசன் முகம் எனக்குத் தெரியாதுங்களா? இவருதான் நகர்த்தாம வெச்சிருந்தாரு."

சிபி தட்டைப் பிடித்தபடி நின்றார். என்ன நினைத்தாரோ, "டெஸ்டிங்?" என்று கேட்டுவிட்டார்.

"இத்தனை நாளா தினமும் மோர் குடுத்து அனுப்பறேன். பாட்டில் காலியாத்தான் வருது. அதுபோதும் எனக்கு. மனுசன் எங்கயோ நிழல்ல உக்காந்து குடிச்சிட்டுப் பத்திரமா இருக்காருன்னு."

குழாய் சொட்டியது.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கோதை" என்றார் அப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலைக் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்பது அவர் போட்ட விதி. "ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தேன். தடை என்னன்னு தைரியமாச் சொல்லுங்கன்னு. எனக்கு வாய் வரல."

"ட்ரெயினருக்கு யாருங்க ட்ரெயினிங் குடுக்கறது?" என்றாள் அம்மா. "உப்புமா ஆறுது. தம்பி, நீங்களும் உக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்தோம். சிபி இரண்டாவது முறை உப்புமா வாங்கிக்கொண்டார். போகும்போது வாசலில் அப்பாவின் கையைப் பிடித்து, "நாளன்னிக்கு வாங்க சார். போர்டெல்லாம் வேண்டாம். இப்ப நடந்துச்சே, அது மட்டும் எங்க ஆபீஸ்ல ஒருதடவை நடந்தாப் போதும்" என்றார். அதற்கு எந்தக் கருவி வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. ஆனாலும் வருகிறேன் என்று தலையாட்டினார்.

சாயங்காலம் பால்கனியில் மணிபிளான்ட் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்பா வந்தார்.

"ரேஸ்கோர்ஸ்ல மரத்துக்குப் பின்னாடி ஒரு ஸ்கூல் பை தெரிஞ்சுது. அதுல எங்க ஆபீஸ்ல குடுத்த கீசெயின் தொங்குச்சு."

அவர் வரைபடத்தை எடுக்கவில்லை. பென்சிலும் இல்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு வெறும் மஞ்சள் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நான் உன்னைக் கேக்கல. நீயும் என்னைக் கேக்கல. அது நல்ல டீம் இல்லை, கண்ணு" என்றார். "நீயே எழுதி ஒட்டு. சீக்கிரம் நகர்த்து. என்னை மாதிரி செலோடேப் போடற வரைக்கும் வெச்சுக்காதே."

'கணக்குத் தேர்வு எழுதவில்லை என்று அம்மாவிடம் சொல்வது' என்று எழுதினேன். அம்மா கிளினிக் போயிருந்தாள். முதல் பத்தியில், தக்காளி வாங்கும் சீட்டுக்குக் கீழே, பாதி மறைந்திருக்கும்படி ஒட்டிவிட்டு வந்து படுத்தேன். நாளைக்குப் பள்ளி விட்டு வந்ததும் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் கூட்டம் இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று அம்மா சைகை காட்டினாள்.

பால் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனேன். என் சீட்டு முதல் பத்தியில் இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்து தேடினேன். நிமிர்ந்தபோது கண்ணில் பட்டது. அது 'சோதனை' பத்தியில் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் என் கணக்குப் புத்தகம் திறந்திருந்தது. பக்கத்தில் கூராகச் சீவிய பென்சிலும், எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகளும். ஒன்றில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"உக்காரு அம்மணி" என்றாள்.